வீட்டுல சம்மதிக்கல

ஸ்ரீவில்லிபுத்தூர்
9 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

ஜூடி எழுதுவது. இரண்டரை வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், மற்ற நாட்களில் நூலக வேலை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேச ஆரம்பிப்பதற்குள் நான் வைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். என் சீக்கைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன ஒருத்தியின் ஏழு வருஷக் கதை. மதுரையில் ஒரு பதிப்பகம் போடுகிறது. அதில் வருகிற ஆட்கள் எல்லாரும் உயிரோடு இருப்பதால், அவரவர் பக்கங்களை அவரவருக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னார் பதிப்பாளர். பன்னிரண்டாம் அத்தியாயம் உங்களைப் பற்றியது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

2022 ஆகஸ்ட் 17. மதுரை ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. உங்கள் சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்று எல்லாப் பரிசோதனையும் சொல்லிவிட்டது. மறுநாள் காலை ஆபரேஷன். நீங்கள் அன்று பத்து மணிக்கு வந்து சேர வேண்டும். வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, ஆபரேஷன் ஏற்பாடுகளைக் கவனிக்கிற ஆஸ்பத்திரி அம்மா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "உங்க அண்ணன் பேசினார். வீட்டுல சம்மதிக்கலையாம்" என்றார்.

இவ்வளவுதான் அந்த அத்தியாயம். சம்மதிக்காதவர் என்று மதினியின் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. நான் கூட்டி எழுதவில்லை. தப்பு இருந்தால் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்பது தப்பு ஆகாது.

ஜூடி


ராஜபாளையம்
18.1.2025

அன்புத் தங்கச்சி ஜூடிக்கு அண்ணன் ஜேசுதாசன் எழுதிக்கிட்டது.

நான் கடுதாசி எழுதி இருவது வருசம் இருக்கும். தறி மெக்கானிக் எழுத்து, பிழை இருந்தா பொறுத்துக்கோ. என்னைய "நீங்கள்"னு எழுதியிருக்க. பொறந்ததுல இருந்து "ஏ அண்ணே, நீ"னுதான் கூப்பிட்டிருக்க. அந்த ஒரு வார்த்தைய வாசிச்சுட்டு மில்லுல தறி நின்னுபோனது கூடத் தெரியாம உக்காந்திருந்தேன். சூப்பர்வைசர் வந்து தோளத் தட்டுனாரு.

ஒன் சீக்கப் பத்தி நீ எழுது. யாரு வேண்டாம்னா? ஆனா அந்தப் பன்னெண்டாவத எடுத்துரு. ஜெமிய எதுக்கு இழுக்க? அவ பட்டது ஒனக்குத் தெரியாது. சபையில மாதர் சங்கத்துக்குச் செயலாளரா இருந்தா. அந்த வருசமே வேற ஆளப் போட்டுட்டாக. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில இவ பக்கத்துல உக்காந்த பொம்பள எலையோட எந்திரிச்சுப் போனா. "நாத்தனா உசுருக்குப் போராடும்போது புருசனத் தடுத்தவ"ன்னு பேரு. இப்பத்தான் செத்த மறந்துட்டு வாராக. நீ அச்சுல போட்டா ஊரு மறக்கவே மறக்காது.

ஒன்ன நான் வளத்தவன். அந்த உரிமையில கேக்கேன்.

தண்ணி அதிகமாக் குடிக்காத.

ஒன் அண்ணன்
ஜேசு


ஸ்ரீவில்லிபுத்தூர்
26 ஜனவரி 2025

அண்ணே,

சரி, "நீ" என்றே எழுதுகிறேன். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

இந்தப் புத்தகத்தை ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன். டயாலிசிஸ் அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டில் சங்கரலிங்கம். மகாராஜபுரத்து விவசாயி, அறுபது வயசு. மிஷினில் ரத்தம் ஓடுகிற நாலு மணி நேரமும் அவருக்கு வாசிக்க ஏதாவது வேண்டும். நான்தான் நூலகத்தில் இருந்து எடுத்துப் போவேன். ஒருநாள், "தாயி, நம்மள மாதிரி ஆளு வார கதையாக் கொண்டா" என்றார்.

தேடினேன் அண்ணே. ஒரு நாவலில் கால் விளங்காத பெண் கடைசிப் பக்கத்தில் எழுந்து நடந்துவிட்டாள். இன்னொன்றில் நெஞ்சுச் சீக்குக்காரி, காதலன் மடியில் ஒரு இருமல்கூட இருமாமல் செத்துப்போனாள். வேறொன்றில் கண் தெரியாத ஒருவர், கதாநாயகனுக்குப் புத்தி சொல்வதற்கென்றே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பசியோ கோபமோ வரவே இல்லை. சங்கரலிங்கம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஒண்ணு எந்திரிச்சு ஓடுதாக. இல்ல, செத்துப் போறாக. வெள்ளிக்கிழமை மறுபடியும் ஊசி குத்தணும், அதுக்கு மொத பஸ்ஸப் பிடிக்கணும்னு நெனைக்கிற ஆளு ஒருத்தன் இல்ல. இதெல்லாம் நல்லா இருக்கிறவுக எழுதுனது தாயி. நீ எழுது."

அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் என்றால் என்ன என்று எழுதினேன். ஐஸ் துண்டை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு, அது கரைவதற்குள் ஒரு பேருந்துப் பயணத்தை முடிப்பது. உடம்பெல்லாம் அரித்து, சீப்பால் முதுகைச் சொறிந்து ரத்தம் வந்தது. மிஷினில் இருக்கும்போது காலில் நரம்பு இழுத்து, நர்ஸ் பெண்ணைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியது. எனக்கு மாப்பிள்ளையாக நிச்சயம் பண்ணியிருந்தவர், டயாலிசிஸ் ஊசிக்காக என் இடது கையில் புடைக்க வைத்திருக்கும் நரம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டது. அழகில்லாத எதையும் விடவில்லை.

இத்தனையும் எழுதிவிட்டு, என் அண்ணன் வராமல் போனதை மட்டும் எடுத்துவிட்டால் வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? ஏன் இவளுக்கு யாரும் தரவில்லை என்று கேட்பார். உன் மானத்துக்காக என் புத்தகத்தில் ஓட்டை போட முடியாது. எடுக்க மாட்டேன்.

ஜூடி


ராஜபாளையம்
15.2.2025

ஜூடி,

நீ அனுப்புன தாள நான் மேசையில வச்சிருந்தேன், ஜெமி எடுத்து வாசிச்சுட்டா. ஒளிச்சு வைக்காதது என் தப்பு.

அவ தளவாய்புரத்துக்கு, அவுக அப்பா வீட்டுக்குப் போயிட்டா. இன்னிக்கு ஒம்பது நாளாச்சு. போன எடுக்க மாட்டேங்கா.

அந்தப் பன்னெண்டாவத எடுக்க மாட்டேன்னா விடு. பேரையாவது மாத்து. ஜெமிங்கிற பேரு வேண்டாம். ஒன்னக் கெஞ்சிக் கேக்கேன்.

ஜேசு


ஸ்ரீவில்லிபுத்தூர்
22 பிப்ரவரி 2025

அண்ணே,

பெயரை மாற்றுகிறேன். வேறு ஊர், வேறு பெயர் போட்டுவிடலாம். பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மதினி வாசித்துவிட்டுப் போய்விட்டாங்க என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு என்ன சொன்னாங்க? உன் கடிதத்தில் அது மட்டும் இல்லை. மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன்.

அவங்க என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குப் போன் பண்ணித் திட்டியிருப்பாங்க. ஏன் உன் வீட்டை விட்டுப் போனாங்க?

ஜூடி


ராஜபாளையம்
9.3.2025

ஜூடி,

மூணு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன். இது நாலாவது.

வாசிச்சு முடிச்சுத் தாள மடக்கி வச்சுட்டு, "இதையும் நாந்தான் சொமக்கணுமா?"ன்னு கேட்டா. அம்புட்டுத்தான் சொன்னா. பொறவு துணிய எடுத்து வச்சுட்டுப் போயி பஸ் ஏறிட்டா.

ஜெமி சம்மதிக்கலங்கிறது பொய். நான் சொன்ன பொய்.

அன்னிக்குக் காலையில எனக்குத் துணிமணி எடுத்து வச்சதே அவதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. வீட்டுச் சோலிய முடிச்சுட்டுச் சாயங்காலம் நானும் வந்துருதேன்னா. ஏழரை மணி மதுரை பஸ்ஸுல ஏத்திவிட்டா. ஒங்க ஊரு தாண்டுற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். அதுக்குப் பொறவு, எங்க அறுப்போம்னு டாக்டர் பேனா வச்சுக் காட்டுன எடம் சில்லுன்னு ஆயிருச்சு. கைய அதுமேல வச்சவன்தான், எடுக்க முடியல. எதுத்த சீட்டுல இருந்த ஆளு, "வயித்து வலியாண்ணே?"ன்னு கேட்டாரு. கிருஷ்ணன்கோவில்ல பஸ் நின்னுச்சு. காத்தாட செத்த நேரம் நிப்போம்னு எறங்கினேன். கண்டக்டர் என்னையப் பாத்து "மதுரை ஏறு, மதுரை ஏறு"ன்னாரு. வரலன்னு தலைய ஆட்டுனேன். பஸ் போயிருச்சு.

இம்புட்டுத்தான் நடந்தது. யாரும் தடுக்கல. எனக்குப் பயம். செத்துப்போயிருவேனோன்னு பயம்.

வீட்டுக்குப் போக மொகம் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி, மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு பஸ்ஸுல ஏறி, அங்கன ஓடைக்கரையில உக்காந்திருந்தேன். பாரஸ்ட்காரர் ஒருத்தர் வந்து, "இங்க இருக்கக் கூடாது, யானை எறங்குது, கெளம்பு"ன்னு வெரட்டி விட்டாரு. ஊருக்குப் பக்கமா வந்ததும் டவர் கெடைச்சுப் போன் அடிச்சுச்சு. ஆஸ்பத்திரி அம்மா. "எங்க சார் இருக்கீங்க? என்னாச்சு?"ன்னாக. பயமா இருக்குன்னு சொல்ல வாயத் தொறந்தேன். "வீட்டுல சம்மதிக்கல"ன்னு வந்துச்சு. யோசிச்சுச் சொல்லல ஜூடி. ஆனா சொன்னதும் நெஞ்சு லேசாச்சு. அதையும் எழுதிருதேன்.

ஜெமி மதுரைக்குக் கெளம்புறதுக்குள்ள போன் போட்டு, ஆபரேஷனத் தள்ளி வச்சுட்டாகன்னு சொன்னேன். சபையில யாரோ மொகத்துக்கு நேரா கேட்டப்பதான் அவளுக்கு வெவரம் தெரிஞ்சது. வீட்டுக்கு வந்து, "நானா சம்மதிக்கல?"ன்னு கேட்டா. "விடு, நாலு நாள்ல ஆறிப்போகும்"னேன். ஆறல. அவ அவுக அப்பாகிட்டக் கூட வாயத் தொறக்கல. எம் மானத்துக்காக.

இப்பவாவது கிட்னியத் தாரேன்னு சொல்லணும்னு நெனைக்கேன். ஆனா எனக்குச் சுகர் வந்து ரெண்டு வருசமாச்சு, கேட்டாலும் எடுக்க மாட்டாக. எடுக்க மாட்டாகன்னு தெரிஞ்சதாலதான் இத எழுதத் தைரியம் வந்துச்சோ என்னவோ, எனக்கே தெரியல.

நீ எழுது. எம் பேரப் போட்டே எழுது.

ஜேசு


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 ஏப்ரல் 2025

அண்ணே,

நாலு வாரம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். இடையில் சங்கரலிங்கம் இறந்துபோனார். மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருப்பதுதான் நீளமான இடைவெளி. அந்த நாட்களில்தான் நெஞ்சு நின்றுபோகும். செவ்வாய்க்கிழமை அவர் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை; அங்கே சொல்வதில்லை. போன வாரம் அவருடைய வீட்டம்மா நூலகத்துக்கு வந்து, அவர் கடைசியாக வாங்கிப் போயிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார். "முடிச்சாரா முடிக்கலையான்னு தெரியலம்மா" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

சாகாத ஆளின் கதை வேண்டும் என்று கேட்டவர். அவர் செத்ததை எழுதுவதா என்று பத்து நாள் தயங்கினேன். எழுதிவிட்டேன். செத்ததை அரைப் பக்கம். அவர் மொத பஸ்ஸைப் பிடித்து வந்ததை ஒன்பது பக்கம்.

உன் கடிதத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு அந்த அம்மா என் கட்டிலில் உட்கார்ந்து, வீட்டுல சம்மதிக்கலையாம் என்று சொன்னாரே, அப்போது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை அண்ணே. அப்பாடா என்று இருந்தது. நாளைக்கு என்னை அறுக்க மாட்டார்கள். அதுதான் முதலில் வந்தது. பிறகுதான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் வந்து என் தலையைத் தடவினார்கள். நிறைய அழுதேன். அதில் எவ்வளவு நிஜம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிருஷ்ணன்கோவிலில் நீ இறங்கிய அதே நாளில், நானும் மனசுக்குள் இறங்கித்தான் இருந்தேன். எனக்கு ஒரு பழி சொல்ல ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

இது என் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இல்லை. அழகில்லாத எதையும் விடவில்லை என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. மதினியிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினோரு கிலோமீட்டர் தூரம். கேட்கவில்லை. என் அண்ணன் பயந்தான் என்பதைவிட, மதினி தடுத்தாள் என்பது நம்புவதற்கு எனக்கு லேசாக இருந்தது.

நீ பயந்ததற்கு நான் மன்னிக்க ஒன்றுமில்லை. உன் உடம்பு உன்னுடையது. அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை மன்னிக்க வேண்டியவள் நான் இல்லை. தளவாய்புரத்துக்குப் போ. மதினியிடம் மட்டும் சொல்லாதே. அவங்க அப்பா முன்னால் சொல்லு.

அத்தியாயத்தை மறுபடி எழுதுகிறேன். மதினிக்கு வேறு பெயர்தான் வைத்திருக்கிறேன்.

ஜூடி


ராஜபாளையம்
28.4.2025

ஜூடி,

நேத்து ஞாயித்துக்கெழமை போனேன்.

ஜெமியோட அப்பா தவசிமுத்து மாமாவ ஒனக்குத் தெரியுமே, பட்டாளத்துல இருந்தவுக. நாக்காலியில நிமுந்து உக்காந்திருந்தாக. மச்சினன்மார் ரெண்டு பேரும் இருந்தாக. ஜெமி அடுப்படி வாசல்ல நின்னா. "மாமா, ஒங்க மக என்னையத் தடுக்கல. போயிட்டு வாங்கன்னு பஸ் ஏத்திவிட்டா. நான் பயந்துபோயி பாதியில எறங்கிட்டு அவ பேரச் சொல்லிட்டேன்"னேன். வழியெல்லாம் பேசிப் பாத்துட்டுப் போனதுதான்.

மாமா என்னையப் பாக்கவே இல்ல. அவளத்தான் பாத்தாக. "ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?"ன்னாக.

"நீங்க கேட்டியளா? மூணு வருசமா, ஏன் இப்பிடிச் செஞ்சன்னுதான் கேட்டிய. செஞ்சியான்னு ஒரு நாளு கேட்டியளா?"ன்னா.

மாமா எந்திரிச்சுப் பின்னால கொல்லைக்குப் போயிட்டாக. பெரிய மச்சினன் என் சட்டையப் பிடிக்க வந்தான். ஜெமி வேண்டாம்னுட்டா. எனக்குச் சோறு போட்டா. பக்கத்துல உக்காரல.

நீ மறுபடி எழுதுறத, பேரு மாத்துறத எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவ, "பேர மாத்த வேண்டாம்னு ஜூடிகிட்டச் சொல்லுங்க. ஊரு பூரா ஜெமி, ஜெமின்னுதான பேசுனாக. திருத்தமும் அந்தப் பேருலயே வரட்டும்"னா.

கெளம்பும்போது வீட்டுக்கு வாறியான்னு கேட்டேன். வெளிக்கதவு வரைக்கும் வந்தா.

அடுத்த ஞாயிறு சபையிலயும் சொல்லணும். போதகர்கிட்டக் கேட்டிருக்கேன்.

ஜேசு


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 ஜூன் 2025

அண்ணே,

நீ சபையில் எழுந்து நின்று சொன்னதை மதினி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நேற்று வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் அறைக்கே வந்துவிட்டாங்க. நூலகத்தில் விசாரித்து வந்தாங்களாம். நான் மிஷினில் இருந்தேன். இரண்டு ஊசியும் குத்தி, எழுந்திருக்க முடியாத நிலையில். ஒரு விதத்தில் நல்லது. எழுந்து நின்றிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு வரல" என்றாங்க. "எம் பேரு எப்படி வந்திருக்குன்னு பாக்க வந்தேன்."

அச்சுக்குப் போகிற தாள்கள் என் பையில் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாங்க. பன்னிரண்டாவது மட்டும் இல்லை, முதல் பக்கத்தில் இருந்து. இடையில் ஒரு தடவை நிமிர்ந்து என் கையைப் பார்த்தாங்க. புடைத்த நரம்பின் மேல் இரண்டு விரலை வைத்தாங்க. உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு கைக்குத் தெரியும். "எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாங்க. எப்பவும் இப்படித்தான் மதினி என்றேன். விரலை எடுக்காமலே அடுத்த பக்கத்தைப் புரட்டினாங்க.

நீ கிருஷ்ணன்கோவிலில் இறங்கியதை வாசித்தாங்க. எனக்கு அப்பாடா என்று இருந்ததையும் வாசித்தாங்க. பிறகு, நீ இறங்கியதற்கு முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பேனா கேட்டாங்க. நர்ஸ் பெண் தன் பேனாவைக் கொடுத்தாள்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் உன்னை ஏற்றிவிட்ட இடம் அது. "மதினி கண் கலங்கி நின்றாள்" என்று எழுதியிருந்தேன்.

"இத யாரு ஒனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல மதினி. அப்படி இருந்திருக்கும்னு நானா எழுதினேன்."

அந்த வரியை ஒரே கோடாக அடித்தாங்க.

"நான் அழல. எனக்கு அன்னிக்குப் பெருமையா இருந்துச்சு. பஸ்ஸுல இருந்த அம்புட்டுப் பொம்பளைகளையும் பாத்தேன். இவுகள்ல ஒருத்திக்கும் இப்படி ஒரு புருசன் இல்லன்னு நெனச்சேன். பஸ் மறையுற வரைக்கும் அதத்தான் நெனச்சேன். அத எழுது."

வீட்டுக்குத் திரும்பி வருவாங்களா என்று நான் கேட்கவில்லை. நீதான் கேட்க வேண்டும்.

அந்த வரியைத் திருத்தி, அவங்க சொன்னபடியே எழுதிவிட்டேன். தாள்கள் திங்கட்கிழமை மதுரைக்குப் போகின்றன. நீ அதைப் புத்தகத்தில்தான் முதன்முதலாகப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜூடி